கனாக்கார வீடு

அசன் மைதீன் காலையில் பேசும் முதல் பேச்சு அவர் கண்ட கனாவைப் பற்றியதாகத்தான் இருக்கும். சுபுஹு தொழுதுவிட்டு வந்து சட்டையை ஆணியில் மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்களை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்காருவார். மூத்த மகள் ஸமீஹா தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். இளையவள் நஃபீஸத் அடுப்படியில் நின்றபடியே காதைத் தீட்டிக்கொள்வாள். இரண்டு மடக்குக் குடித்த பிறகு அவர் தொடங்குவார். பாளையங்கால்வாயில் தண்ணீருக்குப் பதில் வெள்ளைச் சேலை ஓடிற்று. யாரோ அதை மடித்துக்கொண்டே போனார்கள், மடித்து முடியவில்லை. கடைக்குள் ஒரு ரயில் வந்து நின்றது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எல்லாரும் கைலி கேட்டார்கள், ஒருவரும் விலை கேட்கவில்லை. மவுத்தாகி உலகை விட்டுப் போய்விட்ட அவர் மனைவி மாமரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு உப்பை எங்கே வைத்தீர்கள் என்று அதட்டினாள்.

"அதுக்கு என்ன அர்த்தம் வாப்பா?" என்பாள் நஃபீஸத்.

"அர்த்தம் சொல்ல நான் என்ன ஓதிப் படிச்ச ஆலிம்சாவா? கண்டதைச் சொல்லுதேன். கேட்டுக்கிட்டே இட்லியை இறக்கு."

கெட்ட கனாவை மட்டும் சொல்ல மாட்டார். நல்லதை நம்மை நேசிக்கிறவர்களிடம் சொல்ல வேண்டும், கெட்டதை யாரிடமும் வாய்விடக் கூடாது என்பது அவர் சின்ன வயதில் ஓதும்போது கேட்டுப் பிடித்துக்கொண்ட ஒழுங்கு. மற்றபடி கண்டதில் ஒரு நூல் விடாமல் சொல்லிவிடுவார். சொன்ன பிறகுதான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி.

மேலப்பாளையத்தில் அந்தத் தெருவே அவரைக் கனாக்காரர் என்றுதான் சொல்லும். அந்தப் பேர் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு கோடையில், கால்வாயில் ஆட்டுக்குட்டி குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லாத நாளில், வெள்ளம் வரக் கண்டதாகச் சொல்லிக் கடையிலிருந்த கைலிக் கட்டுகளை எல்லாம் மொட்டை மாடியில் ஏற்றிவிட்டார். வெயிலில் கைலிகள் வெளுத்ததுதான் மிச்சம். தெருவே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. பிறகு அந்த மார்கழியில் தாமிரபரணி நிஜமாகவே பொங்கி ஊருக்குள் வந்தபோது மனிதர் கடையில் எதையும் எடுத்து வைக்கவில்லை. முந்தின இரவு ஓர் ஆடு மல்லிகைப்பூ தின்னக் கண்டாராம், அவ்வளவுதான். "இவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு கனாவுல ஒரு தாக்கல்கூட வரலியே" என்று நனைந்த கட்டுகளைப் பிழிந்துகொண்டே அவர் நொந்துகொண்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

வாப்பாவுக்குத் தூக்கத்தில் வருவது ஸமீஹாவுக்கு விழித்திருக்கும்போதே வரும். கையில் கரண்டியோடு நின்றாள் என்றால் கண் எங்கோ போய்விடும். பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பி வருவாள். கடையநல்லூரில் வாழப் போனவள் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்ததற்கு மாமியார் வீட்டில் சொன்ன காரணமே அதுதான். "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா இங்கன இருக்க மாட்டேங்கா" என்றார்கள். அவள் அழுதாள், ஓய்ந்தாள், பாளையங்கோட்டையில் விட்ட படிப்பைப் பிடித்து முடித்தாள். இப்போது முப்பதைத் தாண்டியாகிவிட்டது. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறாள். காலையில் கம்பெனி வேன் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரம் சாய்ந்துகொள்வாள். கீழே ஆறு, மேற்கே மலை, தண்ணீரில் முட்டளவுக்கு நிற்கும் எருமைகள். அங்கே கண்ணைக் கொடுத்தாள் என்றால் கங்கைகொண்டான் வந்துதான் எடுப்பாள். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளைப் போல உன்னிப்பானவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. கனவு காண்கிறவர்களுக்கு வேலை ஓடாது என்று சொல்கிறவர்கள் அவளை வந்து பார்க்க வேண்டும்.

அவர்கள் தெருக்கள் சேர்ந்த மஹல்லாவின் பள்ளிவாசலுக்கு ஒரு சின்னப் புரோகிராமும் அவள்தான் செய்து கொடுத்திருந்தாள். எந்த வீட்டில் யார், என்ன வயது, யாருக்கு நிக்காஹ் ஆனது என்று எல்லாம் அதில் இருக்கும். அதில் ஒரு கட்டம் மிக முக்கியம்: வீட்டுப் பேர். அந்த ஊரில் ஒரே தெருவில் நாலு அசன் மைதீன் இருப்பார்கள், அவர்களில் இரண்டு பேருக்கு வாப்பா பேரும் ஒன்றாகவே இருக்கும். ஆளைப் பிரித்துக் காட்டுவது வீட்டுப் பேர்தான். தரகனார் வீடு, லெப்பை வீடு, ஓடாவி வீடு என்று தாத்தன் காலத்திலிருந்து வருகிற மரியாதைப் பேர்கள். அசன் மைதீனின் முன்னோர்கள் தறி நூலுக்குச் சாயம் போட்டவர்கள். அதனால் அவர்கள் வீடு சாயக்கார வீடு. ஆள்பேரை எல்லாம் ஆங்கிலத்திலும் வீட்டுப் பேரை மட்டும் தமிழிலும் வைத்திருந்தாள், படித்தால் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியட்டும் என்று.

பெண்ணை வெளியூரில் கொடுக்கும்போது பெண்ணின் ஜமாஅத்திலிருந்து மாப்பிள்ளையின் ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். இன்னார் மகள், இன்ன வீடு, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், இந்த நிக்காஹுக்கு எங்களுக்குத் தடையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். நஃபீஸத்துக்குச் சாத்தான்குளத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பையன் பேர் சல்மான் ஃபாரிஸ். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. வாப்பா இல்லாத பிள்ளை, உம்மா ஜமீலா பீவியின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவன். இருவரும் ஒருமுறைதான் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் நஃபீஸத் தனியாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கான கடிதம் புரோகிராமிலிருந்து அச்சாகிப் போனது.

சில நாள் கழித்து, தேத்தண்ணி நேரத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமா சிராஜுதீன் போன் பண்ணினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணாச்சி, கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. ஜமாஅத் கடுதாசில கனாக்கார வீடுன்னு போட்டிருக்கு. எங்க பக்கம் அப்படிச் சொன்னா ஆளுக வேற மாதிரி எடுப்பாவ. வீட்டுல யாருக்கும் மூளை சம்பந்தமா வைத்தியம் ஏதும் ஓடுதா? மூத்த பொண்ணும் வீட்டோட வந்து இருக்குன்னு கேள்விப்பட்டோம்."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. ஸமீஹாவும் கேட்டாள், நஃபீஸத்தும் கேட்டாள்.

"அப்படி ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் அசன் மைதீன். மனைவி மவுத்தான பிறகு தூக்கம் வராமல் கொஞ்ச காலம் ஒரு டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். அதுவும் அந்த வகையில் சேருமோ என்று அவர் மனதுக்குள் ஓடியது ஸமீஹாவுக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில் அவர் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"வாப்பா, ஒண்ணும் காணலியா?" என்று நஃபீஸத் கேட்டாள்.

"இல்ல புள்ள. இப்பல்லாம் நல்லாத் தூங்குதேன்" என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஊர் சிரித்தபோது நிற்காத வாய் ஒரு மரியாதையான கேள்வியில் நின்றுபோனது. கல்யாணம் நிற்குமோ என்ற பயத்தைவிட ஸமீஹாவுக்கு இந்த அமைதிதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. தன் வாழ்க்கைக்கு வந்த அதே சொல் இப்போது தங்கச்சியின் வாசலில் வந்து நிற்கிறது, அதை உள்ளே அழைத்து வந்தது தான் செய்து கொடுத்த புரோகிராம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

அவள் டேட்டாபேஸில் சாயக்கார வீடு என்றுதான் போட்டிருந்தாள். அது எப்படிக் கனாக்கார வீடு ஆயிற்று? வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பள்ளிவாசலை ஒட்டிய அலுவலக அறைக்குப் போனாள். அங்கே மோதினார் ஹாஜா இருந்தார். பாங்கு சொல்வதும், மவுத்துச் செய்தியை வீடு வீடாகச் சேர்ப்பதும், இப்போது கம்ப்யூட்டரில் பதிவதும் அவர் வேலை. ஒரு விரலால்தான் தட்டுவார், ஆனால் தப்பில்லாமல் தட்டுவார்.

"ஹாஜா மாமா, எங்க வீட்டுப் பேரை யாரு மாத்துனா?"

"நான்தாம்மா" என்றார் அவர், பெருமையாக. "அந்த சர்வரோ என்னமோ, அதை வாடகைக்கு விட்டிருக்கவங்க பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டாங்கல்லா. மறுநாள் பார்த்தா வீட்டுப் பேரெல்லாம் கோழி கிண்டுன மாதிரி. உனக்கு எதுக்குச் சிரமம் குடுக்கன்னு நானே ஒவ்வொண்ணா அழிச்சு அழிச்சு அடிச்சேன். பாதிக்கு மேல முடிச்சிட்டேன் பாத்துக்கோ."

ஸமீஹா திரையைப் பார்த்தாள். ஹாஜா இன்னும் தொடாத வரிகளில் தலையில் கோடு சாய்ந்த ஒரு ஆங்கில a, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் அடைபட்ட ஒரு R, பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடி அதே a, அதே R என்று வரி முழுக்க ஓடியது. அவர் தொட்ட வரிகளில் அழகான தமிழ். நொண்டியாட்டு வீடு. சண்டைக்கோழி வீடு. பேரீச்சம்பழத்தார் வீடு. ஓசிச்சோத்து வீடு. கனாக்கார வீடு.

"மாமா, இதெல்லாம் பட்டப்பேருல்லா?"

"அப்படியா?" ஹாஜா நிஜமாகவே குழம்பிப்போனார். "எனக்கு அவியளை அப்படித்தானம்மா தெரியும். மவுத்துச் சொல்லப் போனா நொண்டியாட்டு வீட்டுலன்னு சொன்னாத்தான் ஆளுக்கு வெளங்கும். தரகனார் வீடுன்னு சொன்னா எந்தத் தரகனார்னு கேப்பான்."

அவர் முகத்தில் கேலி ஒரு துளிகூட இல்லை. கோபப்பட வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் மரியாதைக்கு ஒரு பேர் வைத்து, அன்புக்கு இன்னொரு பேர் வைக்கிறது. அவருடைய நெஞ்சில் இரண்டாவதுதான் பதிந்திருந்தது. நல்லவேளையாக ஓசிச்சோத்து வீட்டில் இப்போதைக்குக் கல்யாணம் எதுவும் இல்லை.

கோழி கிண்டிய எழுத்தைப் பார்த்ததும் ஸமீஹாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்திருந்தது. அதை ஹாஜாவிடம் சொல்ல முடியாது. அவள் வேலையில் பயப்பட வேண்டிய குறி வேறு. திரையில் கேள்விக்குறியாக வரிசை கட்டி நின்றால், எழுத்து உள்ளேயே போய்ச் சேரவில்லை, போன வழியில் தொலைந்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். அதைத் தேடிப் பயனில்லை. இப்படிக் கிண்டிவிட்ட மாதிரி வந்தால், எழுத்து எங்கோ முழுசாக இருக்கிறது, படிக்கிற கண்தான் வேறு என்று பொருள். கம்பெனியில் இப்படி ஒரு புகார் வந்தால் மற்றவர்கள் தலையில் கைவைப்பார்கள். அவள் மட்டும் திரையை ஆசையாகப் பார்ப்பாள்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு தமிழ் எழுத்தும், காலும் கொம்பும் புள்ளியும்கூட, மூன்று எண்ணாக உள்ளே போய் உட்காரும். முதல் எண் எப்போதும் இருநூற்று இருபத்து நாலு. அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எழுத்து; தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று கோடு சாய்ந்த a ஆகும், அடுத்தது வட்டத்துக்குள் R ஆகும். சேர்த்துப் பார்ப்பதா, பிரித்துப் பார்ப்பதா என்பதைச் சர்வரும் புரோகிராமும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சை நடுவில் நின்று நடத்தி வைக்கும் துபாஷிக்குத்தான் டிரைவர் என்று பேர்.

பழைய சர்வரும் பழைய டிரைவரும் இரண்டுமே பிரித்துப் பார்க்கிற ரகம். எண்களை என்ன ஏது என்று கேட்காமல் வாங்கின, கேட்காமல் திருப்பிக் கொடுத்தன. இரண்டு பேருக்கும் ஒரே தப்பு என்பதால் வருஷக்கணக்கில் யாருக்கும் குறை தெரியவில்லை. புது சர்வர் வந்தபோது அதை வாடகைக்கு விட்டவர்கள் டேபிளைப் புது முறைக்கு மாற்றிவிட்டார்கள். அது அந்தப் பிரிந்த a-வையும் R-ஐயும் நிஜமான ஆங்கில எழுத்து என்று நம்பி, ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஓர் உறை போட்டு வைத்துவிட்டது. புது டிரைவரும் சுத்தமாகப் பேசுகிற ஆள். உள்ளே இருந்ததை இருந்தபடியே கொண்டுவந்து காட்டியது. யாரும் பொய் சொல்லவில்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனாலும் பேர் சிதைந்துவிட்டது.

அன்று பிற்பகல் முழுக்க அவள் அந்த அறையில் இருந்தாள். மேற்கே மலைப்பக்கம் சாரல் இறங்கியிருந்தது. ஜன்னல் வழியாக ஈரக்காற்று பைய வந்து போனது. எழுத்தைக் காட்டாதே, எண்ணைக் காட்டு என்று சர்வரிடம் கேட்டாள். வரிவரியாக எண்கள் வந்தன. பார்த்துக்கொண்டே இருக்கையில் எண்கள் ஆற்றில் நிற்கும் கொக்குகள் போல ஒற்றைக் காலில் நின்றன. அவள் தலையைச் சாய்த்தால் அவையும் சாய்ந்தன. ஓதும் பள்ளியிலிருந்து பிள்ளைகளின் குரல் சேர்ந்து எழுந்து சேர்ந்து அடங்கியது. அந்தக் குரலுக்கும் எண்களுக்கும் ஒரே தாளம் என்று அவளுக்குத் தோன்றியது. கண் எங்கோ போயிற்று, ஆனால் இந்த முறை போன இடமும் வேலையும் ஒன்றாகவே இருந்தன. இருநூற்று இருபத்து நாலில் தொடங்கும் வரி ஹாஜா கை பட்டது. நூற்றுத் தொண்ணூற்று ஐந்தில் தொடங்கும் வரி உறைக்குள் இருக்கும் பழையது.

உறையைக் கழற்றுவதற்கு முதலில் தன் லேப்டாப்பிலிருந்த ஒரு கருவியைத்தான் பயன்படுத்திப் பார்த்தாள். பேர்கள் திரும்பி வந்தன, ஆனால் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் கருப்பு வைரம் ஒன்று நின்றது. புள்ளியின் மூன்றாவது எண்ணுக்கு அந்தக் கருவியின் அட்டவணையில் இடமே இல்லை. தெரியாததை அது வழியில் கீழே போட்டுவிட்டது. தமிழை அவசரமாகத் தூக்கினால் முதலில் உதிர்வது புள்ளிதான் என்பது அவளுக்கு முன்பே தெரியும், பதற்றத்தில் மறந்துவிட்டாள். எதையும் வெளியே எடுக்காமல், சர்வருக்குள்ளேயே ஓர் உறையை மட்டும் கழற்றச் சொன்னாள். தரகனார் வீடு புள்ளியோடு எழுந்து வந்தது. லெப்பை வீடு வந்தது. ஓடாவி வீடு வந்தது.

ஹாஜா அழித்து எழுதியவற்றுக்கு உறையைக் கழற்றிப் பயனில்லை. அவற்றுக்கு நோன்புக்கு முன்னால் அவள் எடுத்து வைத்திருந்த நகலைத் தேடிப் பிடித்தாள். அதைப் பழைய டிரைவரின் கண்ணாலேயே படித்தால் எல்லாம் அப்படியே இருந்தது. சாயக்கார வீடு என்ற வரியை அவள் இடத்தில் வைத்தபோது அஸருக்குப் பாங்கு சொல்ல ஹாஜா எழுந்து போனார்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்போ எது எந்த வீடுன்னு எனக்குத் தெரியலியேம்மா" என்றார்.

திருத்திய கடிதத்தை அன்றைக்கே அச்சடித்து, முந்தைய கடிதத்தில் கம்ப்யூட்டர் கோளாறால் வீட்டுப் பேர் தவறிவிட்டது என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்து வாங்கி அனுப்பினாள். வேலையில் இப்படி ஒரு சிக்கலைத் தீர்த்தால் அன்று முழுக்க அவளுக்கு நடையே மிதக்கும். இந்த முறை அப்படி இல்லை. வீட்டில் வாப்பாவிடம் சொன்னபோது, "நல்லதாப் போச்சு" என்றார். காலையில் தேத்தண்ணியை நின்றபடியேதான் குடித்தார். சாத்தான்குளத்திலிருந்து பதில் இல்லை. நஃபீஸத் தனியாகச் சிரிப்பதை விட்டிருந்தாள். ஒரு மாதம் ஆகப்போகிறது என்று அவள் சொன்னபோது அடுப்பில் பால் பொங்கியது, அதைப் பொங்க விட்டது ஸமீஹா இல்லை, நஃபீஸத்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஜமீலா பீவி வந்துவிட்டார். கூடவே தம்பி சிராஜுதீன். அசன் மைதீன் கைலியை இறக்கிக் கட்டிக்கொண்டு, சட்டையைத் தேடி மாட்டி, சிராஜுதீனைக் கூடத்தில் உட்கார வைத்தார். ஜமீலா பீவி உள்ளறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டுக்கும் நடுவில் வாசல் திரை தொங்கியது. நஃபீஸத் தேத்தண்ணி வைக்க அடுக்களைக்கு ஓடினாள். வேண்டாம் என்பதைப் போனில் சொல்வது மரியாதை இல்லை என்று நேரில் வந்திருக்கிறார்கள் என்றே ஸமீஹா நினைத்தாள்.

ஜமீலா பீவி கைப்பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்துக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுல கனாக்கார வீடுன்னு இருக்கு. ஒண்ணுல சாயக்கார வீடுன்னு இருக்கு. எதும்மா நெசம்?"

"முதல்ல வந்தது கம்ப்யூட்டர் கோளாறு மாமி. சர்வர் மாத்துனாங்க, அதுல பேரு கெட்டுப்போச்சு. இப்போ சரி பண்ணியாச்சு."

"அப்போ கனாக்கார வீடுன்னு ஒண்ணு கெடையாதா?"

ஆமாம், கிடையாது என்று சொல்லியிருந்தால் போதும், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். தங்கச்சியின் கல்யாணம் அந்த ஒரு சொல்லில்தான் தொங்கியது. ஆனால் கேட்ட முகத்தை ஸமீஹா பார்த்தாள். அதில் சந்தேகம் இல்லை. எதையோ எதிர்பார்த்து வெகுதூரம் வந்து, கதவு பூட்டியிருக்கக் கண்டவரின் முகமாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் வாப்பா இருமுவது கேட்டது.

"இருக்கு மாமி" என்றாள். "இதுதான் அந்த வீடு. எங்க வாப்பா கனாக் கண்டா எங்கக்கிட்டச் சொல்லுவாவ. தெருவுல அதை வச்சுப் பேரு வச்சிட்டாங்க. மூளைக்கு ஒண்ணும் இல்ல. ஒங்க வீட்டுல இருந்து போன் வந்ததுக்கப்புறம் சொல்லுததில்ல."

ஜமீலா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு கனா வருது. கேப்பியளா?"

"லாத்தா, இதுக்கா என்னையக் கூட்டிட்டு வந்தே?" என்றது சிராஜுதீனின் குரல்.

"நீ சும்மா இரி." அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க வீட்டுக்காரவுக அரபு நாட்டுல, தம்மாம்ல மவுத்தாகி அங்கனயே அடக்கம். கபுரை நான் பாக்கல. அதுக்கப்புறம் வருஷத்துல ஒருக்கா, ரெண்டு மட்டம் வாராக. தேரிக்காட்டுச் செம்மணல்ல, பனைக்கு நடுவுல நிக்காக. வாய் அசையுது. என்னமோ சொல்லுதாக. ஒண்ணும் கேக்கல. பள்ளிவாசல் அசரத்துக்கிட்டச் சொன்னேன், யாசீன் ஓதச் சொன்னாக. ஓதியாச்சு. தர்மம் குடுக்கச் சொன்னாக. குடுத்தாச்சு. கனாவை மட்டும் யாரும் முழுசாக் கேக்கல."

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அசன் மைதீன் அதைத் திரைக்குப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார் போலிருக்கிறது, குரல் அருகில் வந்தது.

"என்ன சட்டை போட்டிருந்தாவ?"

"நீலக் கோடு போட்டது. கல்யாணம் முடிஞ்ச புதுசுல போடுவாக."

"வெயிலா, நெழலா?"

"வெயிலு. ஆனா சுடல."

"கையில ஏதாவது?"

"பெட்டி. ஊருக்கு வரும்போது கொண்டுட்டு வார பெட்டி. கயிறு கட்டுனது." ஜமீலா பீவியின் குரல் இளகிக்கொண்டே போனது. பெட்டியின் நிறத்தைச் சொன்னார், கயிற்றின் முடிச்சைச் சொன்னார், பனையில் ஒரு காக்கை உட்கார்ந்து போனதைச் சொன்னார். அசன் மைதீன் கேட்கக் கேட்க, ஜமீலா பீவிக்கே ஞாபகம் இல்லாமல் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது.

"மொகம் எப்படி இருந்திச்சு?"

"சிரிச்ச மொகம், அண்ணாச்சி."

அசன் மைதீன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அர்த்தம் சொல்ல எனக்குத் தெரியாதும்மா" என்றார். "சொன்னது கேக்காட்டிப் போவுது. வந்தாவல்லா. அம்புட்டுத் தூரத்துல இருந்து பெட்டியோட வந்திருக்காவல்லா."

ஜமீலா பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஸமீஹா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் ஆறிய பிறகு ஜமீலா பீவி கண்ணைத் துடைத்தார்.

"மருமவ எங்க வீட்டுக்கு வந்துட்டா நானும் நெனைச்ச நேரம் இங்கன வந்து கனாச் சொல்லலாம்லா, அதான் முதல்ல எனக்கு சந்தோசம்" என்றார். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்து, "நான் சொல்லிட்டேன். நீங்க என்ன கண்டிய அண்ணாச்சி?" என்றார்.

ஸமீஹா தலையைக் குனிந்துகொண்டாள். வாப்பாவுக்குக் கனா வருவதே நின்றுவிட்டது என்று அவள் நம்பியிருந்தாள். ஒரு மாதமாக அவர் அப்படித்தான் சொல்லி வந்தார்.

"நெறைய இருக்கும்மா" என்றார் அசன் மைதீன். "எதுல தொடங்க?"

அந்தப் போன் வந்த இரவிலிருந்து தொடங்கினார். முதல் இரவு கண்டது, மறு இரவு கண்டது, அதற்கு அடுத்தது என்று வரிசை மாறாமல், நிறம் மாறாமல், ஒன்றுகூடத் தொலையாமல் வந்துகொண்டே இருந்தது. நஃபீஸத் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.